கோய் (அலங்காரக் கெண்டை), கோல்டு ஃபிஷ், திலேப்பியா: வைரஸ் வந்தால் மீன் எதனால் சாகிறது, கரையில் நிற்பவர் என்ன செய்யலாம்?

வேலு_கோய்

கார்த்திகை, மார்கழி வந்தாலே மீன் வளர்ப்புக் குழுக்களில் ஒரே மாதிரிப் பதிவுகள் வரும். "நேத்து வரைக்கும் நல்லா சாப்பிட்டுச்சு, இன்னிக்கு ஆறு கோய் அடியில படுத்துக் கெடக்கு." அதற்குக் கீழே வரிசையாக மருந்துப் பெயர்கள்: ஆக்ஸிடெட்ராசைக்ளின், மெத்திலீன் நீலம், பர்மாங்கனேட், ஃபார்மலின். எந்த மீன், தண்ணீர் எத்தனை டிகிரி, செவுள் என்ன நிறம் என்று கேட்பவர் ஒருவர்கூட இருப்பதில்லை. "வைரஸா இருக்கும், ஒண்ணும் செய்ய முடியாது" என்று ஒருவர் சொன்னதும் பதிவு அத்தோடு முடிந்துவிடும்.

ஒன்றும் செய்ய முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, சரி. ஆனால் மீன் எதனால் சாகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தில் முட்டுக் கொடுக்கலாம். தெரிந்தவர்கள் இங்கே விவரமாக எழுதுங்கள். வைரஸ் உள்ளே போனபின் உடம்பில் என்ன உடைகிறது? ஆய்வக முடிவு வரும்வரை கரையில் நின்று எதை வைத்து முடிவெடுப்பது?

நுண்ணோக்கி

முதல் கேள்விக்கு நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நன்னீர் மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் இரவும் பகலும் செவுள் வழியே தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். புகுந்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. கசிந்த உப்பைச் செவுளில் உள்ள தனி செல்கள் தண்ணீரிலிருந்து திரும்ப இழுக்கின்றன. அதே செவுள்தான் ஆக்சிஜனை எடுக்கிறது, அம்மோனியாவை வெளியே விடுகிறது. செவுள், தோல், சிறுநீரகம் மூன்றில் எது பழுதானாலும் மீன் மூச்சுமுட்டலோடு உப்பிழப்பையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும்.

கோய் ஹெர்பீஸ் வைரஸை (கே.எச்.வி.) எடுத்துக்கொள்வோம். 1998இல் இஸ்ரேலில் பெரும் சாவாக வெளிப்பட்டது. 2002இல் இந்தோனேசியாவிலும், 2003இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியிலும் கெண்டைகளை அழித்தது. இது செவுள் வழியாகத்தான் நுழைகிறது என்று பலகாலம் நினைத்தார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு 2009இல், ஒளிரும்படி மாற்றிய வைரஸைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, முதல் வாசல் தோல் என்று காட்டியது. நம் தோலின் மேற்பரப்பில் இறந்த செல் அடுக்கு இருக்கிறது. மீனுக்கு அது இல்லை. மேற்பரப்பிலேயே உயிருள்ள செல்கள், அதன்மேல் வழுவழுப்பான சளிப்படலம், அவ்வளவுதான். சளி உரிந்த இடத்தில் வைரஸ் நேராகச் செல்லைத் தொடுகிறது. வலையில் அள்ளி, கையில் பிடித்து, பையில் அடைத்து வரும் மீனுக்கு நோய் சீக்கிரம் ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லுக்குள் போன வைரஸ் அந்தச் செல்லின் கருவியையே பயன்படுத்தித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது; செல் வீங்கிச் செத்து உதிர்கிறது. இரத்தம் வழியே செவுள், சிறுநீரகம், மண்ணீரல், குடல் என்று பரவுகிறது. செவுளில் செத்த பகுதிகள் வெள்ளையாகவும் பழுப்பாகவும் திட்டுத் திட்டாகத் தெரியும். கண் உள்வாங்கும். தோலில் ஓரிடத்தில் சளி அதிகமாகவும் இன்னோரிடத்தில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகவும் இருக்கும். இந்தக் குறிகள் தெரிந்த 24 முதல் 48 மணி நேரத்தில் சாவு தொடங்கிவிடும். 80 முதல் 100 சதவீதம் வரை போகும்.

எல்லா வைரஸும் இதே இடத்தில் அடிப்பதில்லை. கோல்டு ஃபிஷ்ஷைத் தாக்கும் ஹெர்பீஸ் (சி.ஒய்.எச்.வி-2) இரத்தம் உற்பத்தியாகும் இடத்தையே அழிக்கிறது. மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது, தலைப்பக்கச் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும்தான் இரத்த அணுக்கள் உருவாகின்றன. அதனால் இந்த நோயில் செவுள் அழுகுவதைவிட வெளுத்துப்போவதுதான் முதலில் கண்ணில் படும். திலேப்பியா ஏரி வைரஸில் கல்லீரல் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கரு கொண்ட பெரிய செல்லாகிவிடும். மூளையிலும் இரத்தத் தேக்கம் இருக்கும். சாவு ஒன்று, சாகும் வழி வேறு வேறு. வைத்தியமும் அதன்படிதான் மாறும்.

கண்ணாடித்தொட்டி

அருமையான விளக்கம் மேடம். இதோடு வெப்பநிலையையும் சேர்க்க வேண்டும். சென்னைக் கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் தொட்டிக்கு மருந்து வாங்கப் பத்துக் கடை ஏறுவார்கள், ஒரு தெர்மாமீட்டர் வாங்க மாட்டார்கள்.

கே.எச்.வி. 16 முதல் 28 டிகிரி வரை வேலை செய்யும், 30க்கு மேல் பெருகாது. கோல்டு ஃபிஷ் ஹெர்பீஸுக்கு 15 முதல் 25. சென்னையில் சித்திரை வைகாசியில் வெளித்தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டிவிடுவதால் இவை இருக்கிற இடம் தெரியாது. ஐப்பசி மழை தொடங்கித் தை முடியும்வரை 24–27இல் நிற்கும், அப்போதுதான் வெளியே வருகின்றன. பெங்களூரு, ஓசூர், ஏற்காடு பக்கம் வருஷத்தில் பாதிக்கு மேல் இந்த வரம்புதான். ஆகவே கோடையில் வாங்கிய மீன் "மூணு மாசமா நல்லா இருக்கு" என்பதை நோயில்லாததற்குச் சான்றாக எடுக்கக் கூடாது.

வேலு_கோய்

அப்படியானால் என் அடுத்த கேள்வி. அடியில் படுத்துக் கிடக்கும் கோய்க்குக் கல்லுப்பு போட்டால் எழுந்துவிடுகிறது என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். அதே உப்பைப் போட்டு மொத்தத்தையும் இழந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

நுண்ணோக்கி

இரண்டும் உண்மை, ஏனென்றால் இரண்டும் வேறு நோய். எழுந்துகொண்டவை பெரும்பாலும் கார்ப் எடீமா வைரஸ் (சி.இ.வி.) பிடித்தவை. இது பாக்ஸ் வைரஸ் குடும்பம். 1970களில் ஜப்பானில் முதலில் கண்டார்கள், "கோய் தூக்கநோய்" என்று பெயர். இந்தியக் கோய்களில் இருப்பதாக 2016இல் ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது. 15 முதல் 25 டிகிரியில் வரும்.

சி.இ.வி. செவுளோடு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. செவுள் இழைகளின் மேல்தோல் தடித்து, இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அடைபட்டுவிடும். ஆக்சிஜன் உள்ளே போகாது, அம்மோனியா வெளியே வராது, உப்பைத் திரும்பப் பிடிக்கவும் முடியாது. இரத்தத்தில் சோடியம் சரிகிறது, அம்மோனியா ஏறுகிறது, மீன் மயக்கத்தில் பக்கவாட்டில் படுத்துவிடுகிறது. தொட்டால் எழுந்து ஒரு சுற்று நீந்திவிட்டு மறுபடி படுக்கும். இது நல்ல அடையாளம். தண்ணீரில் 0.5 சதவீதம் உப்பு இருந்தால் இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது, கசிவு குறைகிறது. செவுள் தன்னைச் சீர்செய்துகொள்ளும் வரை மீன் தாக்குப்பிடிக்கிறது. உப்பு வைரஸை ஒன்றும் செய்வதில்லை.

கே.எச்.வி.யில் செவுள் தடிக்கவில்லை, செத்து உதிர்கிறது. கூடவே சிறுநீரகமும் குடலும் போய்விடுகின்றன. அங்கே உப்பு கொஞ்ச நேரம் வாங்கித் தரும், அவ்வளவே.

வலை_உலர்த்தி

உப்பு போடுகிறவர்களுக்கு அளவு சொல்லிவிடுகிறேன். 0.5 சதவீதம் என்றால் 1000 லிட்டருக்கு 5 கிலோ. அயோடின் சேர்க்காத கல்லுப்பு. ஒரே மூச்சில் கொட்டக் கூடாது: முதலில் 2 கிலோ, 8 மணி நேரம் கழித்து 1.5, மறுபடி 8 மணி நேரம் கழித்து 1.5. தனி வாளியில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்ற வேண்டும். கட்டியாக அடியில் கிடந்தால் படுத்திருக்கும் மீனின் தோல் அதில் வெந்துபோகும்.

ஃபில்டரில் ஜியோலைட் கல் இருந்தால் உப்பு போடுமுன் கட்டாயம் எடுத்துவிடுங்கள். உப்பு பட்டதும் அது பிடித்து வைத்திருந்த அம்மோனியாவைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடும். செவுள் அடைபட்ட மீனுக்கு அதுவே கடைசி அடி. வேலிசினேரியா, ஹைட்ரில்லா போன்ற செடிகளையும் அகற்றிவிடுங்கள். தண்ணீரை மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்பு ஈடுகட்டுங்கள்: 200 லிட்டர் மாற்றினால் 1 கிலோ. உப்பு ஆவியாகிப் போகாது. நீர்மட்டம் குறைந்ததை நிரப்பும்போது புதிதாகப் போடத் தேவையில்லை. வடித்த உப்புத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பாதீர்கள்.

தீனியை முழுக்க நிறுத்துங்கள். தின்றால் அம்மோனியா கூடும், மூச்சுத் தேவையும் கூடும். ஏரேட்டர் 24 மணி நேரமும் ஓடட்டும்.

தென்பெண்ணை

உப்பெல்லாம் தொட்டிக்குச் சரி. அரை ஏக்கர் குளத்தில் கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளரும்படி மேம்படுத்திய இனம்) விட்டிருப்பவர் கதை வேறு. 2,000 கன மீட்டர் தண்ணீருக்கு 0.5 சதவீதம் என்றால் 10 டன் உப்பு. நடக்கிற காரியமா? குளத்துக்கு என்ன வழி என்று யாராவது எழுதுங்கள்.

குளத்தில் முதல் வேலை, இது வைரஸ்தானா என்று பிரிப்பது. ஏரேட்டர் நின்று ஆக்சிஜன் இறங்கினால் விடியற்காலையில் ஒரே நேரத்தில் சாகும், பெரிய மீன்தான் முதலில் போகும், எல்லா இனமும் மேலே வந்து வாய் பிளக்கும். பூச்சிமருந்து வடிந்து வந்திருந்தால் மீனோடு தவளையும் இறாலும் நண்டும் சேர்ந்து கிடக்கும். வைரஸ் அப்படி வராது. முதல் நாள் நாலு, அடுத்த நாள் பத்து, பிறகு முப்பது என்று ஏறி, உச்சிக்குப் போய், இரண்டு வாரத்தில் இறங்கும். முக்கியமாக ஒரே இனம்தான் சாகும். திலேப்பியா மிதக்கும், அதே குளத்துக் கட்லாவும் ரோகுவும் தீனிக்கு வரும். தினமும் காலை ஒரே நேரத்தில் செத்ததை எண்ணி நோட்டில் எழுதுங்கள், இன வாரியாக. அந்த நோட்டைக் காட்டினால் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

நுண்ணோக்கி

தென்பெண்ணை அண்ணன் சொன்ன இன வேறுபாடு மிகச் சரியான புள்ளி. திலேப்பியா ஏரி வைரஸ் முதலில் கவனத்துக்கு வந்ததே அப்படித்தான். இஸ்ரேலின் கலிலேயா ஏரியிலும் பண்ணைகளிலும் 2009 முதல் திலேப்பியா செத்தது. அதே குளத்தில் இருந்த கெண்டைக்கும் மடவைக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2014இல் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 10 துண்டுகளாக உள்ள ஆர்.என்.ஏ. மரபணுத்தொகுதி, இன்ஃப்ளூயன்சா வகையறாவோடு தூரத்து ஒற்றுமை. 2018இல் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் இருப்பதாகப் பதிவானது.

கண் மங்கல், கண் பிதுங்கல், தோல் புண்ணாதல், உடல் கருத்தல், வயிறு வீக்கம் ஆகியவை வெளிக்குறிகள். தாய்லாந்தில் இதைக் கூண்டில் விட்ட முதல் மாதத்துச் சாவு என்றே பண்ணைக்காரர்கள் அறிவார்கள்: விரலிகளை (விரல் நீளக் குஞ்சுகளை) இருப்புச் செய்து ஒரு மாதத்துக்குள் 20 முதல் 90 சதவீதம் வரை. இது 22 முதல் 32 டிகிரி வரை வரும், ஆகவே நம் ஊர் வெயில் இதற்கு எதிரி அல்ல. கோய்க்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் சிலர் செய்யும், தண்ணீரைச் சூடாக்கும் வைத்தியத்தை இதற்குப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

குளத்தில் வந்துவிட்டால் செய்யக்கூடியவை இவை. தீனியை முதல் மூன்று நாள் நிறுத்தி, பிறகு வழக்கத்தில் கால் பங்கு. வலை இழுப்பது, தரம் பிரிப்பது, வேறு குளத்துக்கு மாற்றுவது எல்லாம் நிற்க வேண்டும். மாற்றும்போது மீனுக்கு ஏற்படும் அழுத்தமே சாவை இரட்டிப்பாக்கும், நோயும் அடுத்த குளத்துக்குப் போகும். செத்ததை நாளுக்கு இரண்டு முறை அகற்றுங்கள், ஏனென்றால் செத்த மீனைக் கொத்தித் தின்பதால் வாய் வழியாகவும் இந்த வைரஸ் தொற்றுகிறது. காகமும் கொக்கும் தூக்கிப்போய் அடுத்த குளத்தில் போடாமல் இருக்க அதே வேளையில் குழிக்குள் போய்விட வேண்டும். சுண்ணாம்பு தூவி, மேலே குறைந்தது ஒரு மீட்டர் மண் இருக்கும்படி, கிணற்றிலிருந்து தள்ளி.

பிழைத்தவை மறுபடி அதே நோயால் சாவது குறைவு. ஆனால் அவற்றைத் தாய் மீனாக வைக்காதீர்கள். இந்த வைரஸ் முட்டைக்கும் குஞ்சுக்கும் தாயிடமிருந்து போவது உறுதியாகியிருக்கிறது. முட்டையின் வெளிப்புறத்தைக் கழுவுவது உள்ளே இருப்பதைத் தொடாது.

கண்ணாடித்தொட்டி

சூட்டு வைத்தியம் என்று பேச்சு வந்துவிட்டதால் கோல்டு ஃபிஷ் பற்றிச் சொல்கிறேன். ஹெர்பீஸ் வந்த கோல்டு ஃபிஷ்ஷை 33–34 டிகிரியில் 4 நாள் வைக்கும் முறை ஜப்பானியப் பண்ணைகளில் புழக்கத்தில் உண்டு. ஆரம்பத்திலேயே செய்தால் காப்பாற்றுகிறது. செவுள் வெளுத்துப் படுத்தபின் செய்தால் சூடே கொன்றுவிடும்.

1000 லிட்டரை 5 டிகிரி ஏற்றக் கிட்டத்தட்ட 6 யூனிட் மின்சாரம் வேண்டும், அதாவது 1 கிலோவாட் ஹீட்டர் 6 மணி நேரம். திறந்த தொட்டியில் வெளியே போகும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கூடும். தெர்மோகோல் போட்டு மூடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

சூடு ஏறும்போது கூடவே இரண்டு ஆபத்து ஏறும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை வைத்திருக்கும், 33இல் 7.2 தான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடுதல். இன்னொன்று அம்மோனியா. பிஹெச் 8இல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 25 டிகிரியில் சுமார் 5 சதவீதம், 33 டிகிரியில் 9 சதவீதம். டெஸ்ட் கிட்டில் அதே எண் காட்டும், மீனுக்கு நஞ்சு கிட்டத்தட்ட இரட்டிப்பு. சூடு ஏற்றுமுன் பாதித் தண்ணீர் மாற்றி, அம்மோனியா பூஜ்யத்துக்கு அருகில் வந்தபின்தான் ஹீட்டர் சுவிட்சைப் போட வேண்டும்.

வேலு_கோய்

கோயை 30 டிகிரிக்கு ஏற்றிக் காப்பாற்றி விற்கிறார்களே, அதுவும் இதே கணக்குத்தானே? பிழைத்தால் நல்லதுதானே?

நுண்ணோக்கி

காப்பாற்றுவது வேறு, விற்பது வேறு. இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். ஹெர்பீஸ் குடும்பம் உடலை விட்டுப் போகாது. சூட்டில் பெருக்கம் நின்றதும் வெள்ளை அணுக்களில் போய் ஒளிந்துகொள்ளும். அந்த மீன், பஞ்சால் சளியைத் தொட்டெடுத்து வைரஸின் மரபணுவைத் தேடும் சுவாப் பிசிஆர் பரிசோதனையில் நெகட்டிவ் காட்டலாம். வாங்குகிறவர் குளம் 24 டிகிரியில் இருக்கும். மீன் பயணக் களைப்பில் இருக்கும். வைரஸ் மறுபடி வெளியே வரும். கொண்டுவந்த மீன் நன்றாக நீந்தும், ஏற்கெனவே இருந்த மீன்களெல்லாம் சாகும். உங்கள் தொட்டியில் வைத்து ஆயுள் முழுக்க வளர்ப்பது என்றால் சூடு ஏற்றுங்கள், தடையில்லை. அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீனும், ஒரு வலையும், ஒரு வாளித் தண்ணீரும் வெளியே போகக் கூடாது.

கோல்டு ஃபிஷ் கே.எச்.வி.யால் சாகாது, ஆனால் வைரஸைச் சுமந்து போகக்கூடும் என்பதையும் கவனியுங்கள். கடைகளில் கோயும் கோல்டு ஃபிஷ்ஷும் ஒரே ஃபில்டர் தண்ணீரில் ஓடுகின்றன.

தென்பெண்ணை

ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாமா மேடம்? வைரஸ் வந்த மீனில் புண்ணும் துடுப்பு அழுகலும் தெரிகிறதே. டீலர்கள் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

நுண்ணோக்கி

அந்தப் புண் உண்மைதான். வைரஸ் தோலைத் திறந்துவிட்டபின் ஏரோமோனாஸ், ஃபிளாவோபாக்டீரியம் எல்லாம் உள்ளே வரும், திலேப்பியாவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் வரும். ஆய்வகத்தில் வளர்த்தால் பாக்டீரியாதான் முதலில் தட்டில் முளைக்கும். "பாக்டீரியா நோய்" என்று சீட்டு வந்துவிடும். அடியில் இருந்த வைரஸ் மறைந்துபோகும். 2016இல் மேற்கு வங்க அலங்காரமீன் பண்ணைகளில் கோல்டு ஃபிஷ் ஹெர்பீஸ் கண்டறியப்பட்டபோது கூடவே இருந்தது பல மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா. கண்டபடி மருந்து ஊற்றியதன் பலன் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எந்த பாக்டீரியா, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று உணர்திறன் பரிசோதனை செய்து, மீன்வள மருத்துவர் எழுதிக்கொடுத்தால் போடலாம். தீனியே எடுக்காத மீனுக்குத் தீனியில் மருந்து கலந்து போடுவது தண்ணீரில் மருந்தைக் கரைப்பதுதான். உண்ணும் மீன் என்றால் அறுவடைக்கு முன், மருந்து உடலை விட்டு நீங்கும்வரை காத்திருக்கும் விலக்குக் காலம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

பர்மாங்கனேட், ஃபார்மலின் இரண்டையும் செவுள் பழுதான மீனுக்குப் போடவே கூடாது. முதலாவது மிச்சமிருக்கும் செவுள் மேல்தோலைச் சுட்டுவிடும். இரண்டாவது தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைக்கும். "மருந்து போட்டேன், அன்று இரவே எல்லாம் போய்விட்டது" என்ற பதிவுகளில் பெரும்பங்கு இதுதான்.

வலை_உலர்த்தி

புண் என்றாலே வைரஸ் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விராலிலும் கெண்டையிலும் மழைக்குப்பின் வரும் ஆழமான சிவப்புப் புண், அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரியால் வருவது. இந்தியாவுக்குள் 1988இல் வந்தது. தொடக்கத்தில் அதற்கும் வைரஸைத்தான் சந்தேகித்தார்கள். அதற்குச் சுண்ணாம்பும், ஹெக்டேர்-மீட்டருக்கு (ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு) 1 லிட்டர் சிஃபாக்ஸ் என்ற மருந்தும் வேலை செய்யும். வைரஸுக்கு அவை பயனில்லை.

துடுப்பில் காலிஃப்ளவர் மாதிரி வெள்ளை முடிச்சு இருந்தால் அது பெரும்பாலும் லிம்ஃபோசிஸ்டிஸ். அதுவும் வைரஸ்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு முடிச்சும் 1 மில்லிமீட்டர் வரை வீங்கிய தனிச் செல்களின் குவியல். சுரண்டாதீர்கள், தண்ணீரைச் சுத்தமாக வையுங்கள், சில வாரங்களில் உதிரும். சாயம் ஊசி போட்ட கண்ணாடி மீன்களில் இது அதிகம், ஊசியே தோலைத் திறந்துவிடுகிறது. அந்த மீனை வாங்காமல் இருப்பதுதான் நல்லது.

லிம்ஃபோசிஸ்டிஸ் சேர்ந்திருக்கும் இரிடோ வைரஸ் குடும்பத்திலேயே இன்னொன்று இருக்கிறது, அது லேசானதல்ல: மண்ணீரல்-சிறுநீரக அழுகல் வைரஸ். குராமி, ஏஞ்சல், மோலி, வாள்வால் எல்லாவற்றையும் பிடிக்கும். 2018இல் கானாவின் வோல்டா ஏரிக் கூண்டுகளில் திலேப்பியாவை வாரிக்கொண்டு போனது. இது 25க்கு மேல் சூடான தண்ணீரில்தான் மும்முரம். குராமிக்கு "ஹெர்பீஸா இருக்கும்" என்று ஹீட்டர் போட்டால் நோய்க்கே உதவி செய்தது போலாகும்.

வேலு_கோய்

சோதனைக்கு மாதிரி அனுப்புவது எப்படி? செத்த மீனைப் பையில் போட்டுப் பேருந்தில் அனுப்பி, "அழுகிவிட்டது, பார்க்க முடியாது" என்று பதில் வாங்கியவர்கள் நிறைய.

நுண்ணோக்கி

செத்து மிதந்த மீன் வேண்டாம். சாகும் நிலையில் உள்ள மீன் ஐந்தாறு எடுங்கள். செவுள் செத்த அரை மணியிலேயே கரையத் தொடங்கும்.

முதலில் உங்களிடம் நுண்ணோக்கி இருந்தால் செவுள் இழை நுனியில் 2 மில்லிமீட்டர் வெட்டி, அதே தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டில் வைத்து, மூடுகண்ணாடி போட்டு, 40 மடங்கிலும் 100 மடங்கிலும் பாருங்கள். டாக்டிலோகைரஸ் புழு நெளிகிறதா, டிரைக்கோடினா சுழல்கிறதா, வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி உருளுகிறதா? இவை குவியலாக இருந்தால் உங்கள் பிரச்சினை அங்கே இருக்கலாம். ஒட்டுண்ணி இல்லாமல், இழைகள் தனித்தனியாக நிற்காமல் நுனி உருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் சி.இ.வி. சந்தேகம் வலுக்கிறது.

பிறகு மாதிரி. பிசிஆருக்குத் தூய எத்தனாலில், திசு 1 பங்கு, எத்தனால் 10 பங்கு. மிளகளவு துண்டு போதும், பெரிய துண்டின் நடுவே எத்தனால் இறங்காது. கோய்க்குச் செவுளும் சிறுநீரகமும். கோல்டு ஃபிஷ்ஷுக்குச் சிறுநீரகமும் மண்ணீரலும். திலேப்பியாவுக்குக் கல்லீரல், மூளை, மண்ணீரல். திசு ஆய்வுக்கு அதே உறுப்புகள் இன்னொரு குப்பியில், 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில். ஃபார்மலின் குப்பியைப் பிசிஆருக்குக் கொடுக்க முடியாது, ஃப்ரீசரில் உறைந்த மீனைத் திசு ஆய்வுக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு மீனுக்கும் கத்தரிக்கோலைத் துடைத்து நெருப்பில் காட்டுங்கள். இல்லையென்றால் ஒரு மீனின் வைரஸ் ஆறு குப்பியிலும் பாசிட்டிவ் காட்டும். குப்பியில் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே போடுங்கள், பேனா மை எத்தனாலில் அழியும். கூடவே சாவு எண்ணிக்கை நோட்டின் படம், தண்ணீர் வெப்பநிலை, பிஹெச், அம்மோனியா.

தமிழ்நாட்டில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாக ஆய்வகத்தில் கேட்கலாம். ஒன்றிய அரசு 2023இல் வெளியிட்ட "ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்" செயலி வழியாகவும் தகவல் தரலாம். கே.எச்.வி.யும் திலேப்பியா ஏரி வைரஸும் உலக விலங்கு சுகாதார அமைப்பின் பட்டியலில் உள்ளவை, மறைத்து வைக்கும் சமாசாரமல்ல. இவை மனிதருக்குத் தொற்றுவதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

நோய் தெரியாத கூட்டத்தில் சோதிக்கிறவர்கள் எண்ணிக்கையையும் கவனியுங்கள். நூற்றில் 2 மீனுக்கு மட்டும் தொற்று இருந்தால், அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்க 150 மீன் எடுக்க வேண்டும். 10 சதவீதத்துக்குத் தொற்று என்றால் 30 போதும். இரண்டு மீன் சோதித்து "நெகட்டிவ் சான்றிதழ்" காட்டும் விற்பனையாளரிடம் எத்தனை மீன் சோதித்தார் என்று கேளுங்கள்.

தென்பெண்ணை

தொட்டி, வலை, வாளி சுத்திகரிப்பு அளவையும் யாராவது போட்டுவிட்டால் இந்த உரையாடல் முழுமையாகும்.

வலை_உலர்த்தி

கே.எச்.வி.க்கு ஆய்வகத்தில் பார்த்த அளவுகள்: சோடியம் ஹைப்போகுளோரைட்டில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் என்றால் 30 விநாடி, அயோடோஃபோர் (அயோடின் கிருமிநாசினி) 200 மில்லிகிராம் என்றால் 20 நிமிடம், 50 டிகிரிக்கு மேல் சூடு என்றால் 1 நிமிடம். அது சுத்தமான தண்ணீரில். பாசியும் சளியும் ஒட்டிய வலையில் குளோரினை அழுக்கே தின்றுவிடும். ஆகவே முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு குளோரினில் 30 நிமிடம் ஊறவைத்து, நல்ல வெயிலில் முறுகக் காயவையுங்கள்.

பிளீச்சிங் பவுடரில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான். 1000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வீதம் வேண்டுமானால் 600 கிராம் பவுடர். திறந்து வைத்த பழைய மூட்டை என்றால் பலம் போயிருக்கும், புதுசு வாங்குங்கள். பவுடரை வாளியில் கரைத்துத் தெளிந்ததை ஊற்றுங்கள். மறுநாள் மிச்சத்தை முறிக்க 1 கிராம் குளோரினுக்கு 7 கிராம் சோடியம் தயோசல்ஃபேட், அதாவது மேற்சொன்ன அளவுக்கு 1.4 கிலோ வரை. குளோரின் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டியபின்தான் மீன். ஃபில்டர் ஊடகத்தையும் இதே குளோரினில் முக்க வேண்டும். அதில் உள்ள நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். ஃபில்டர் மறுபடி ஓட ஆரம்பிக்க ஒரு மாதம் ஆகும் என்று திட்டமிடுங்கள்.

மீனில்லாத தண்ணீரில் கே.எச்.வி. 23–25 டிகிரியில் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. அதனால் "தண்ணீரைக் காலி செய்து மூன்று நாள் காயப்போட்டேன், மறுபடி எப்படி வந்தது?" என்பவர்கள் தொட்டியைச் சந்தேகிப்பதை விட்டு, புதிதாக விட்ட மீனைச் சந்தேகிக்க வேண்டும்.

வேலு_கோய்

கடைசியாக ஒன்று. புது மீனை எத்தனை நாள் தனியே வைப்பது? 7 நாள் என்கிறார்கள், 10 என்கிறார்கள்.

நுண்ணோக்கி

கோய்க்கு 7 நாள் போதாது. தொற்றியபின் குறி தெரியவே வெப்பநிலையைப் பொறுத்து மூன்று வாரம் வரை ஆகலாம். குறைந்தது 30 நாள், தண்ணீர் 24 டிகிரியில். இந்த 24 முக்கியம். வீட்டுக்குள் 30 டிகிரியில் வைத்து ஒரு மாதம் கழித்து "ஒன்றும் வரவில்லை" என்றால் வைரஸ் வெளியே வர வாய்ப்பே தரவில்லை என்றுதான் அர்த்தம். கோடையில் வாங்குகிறவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லையென்றால் குளிர்காலம் வரை காத்திருந்து வாங்குவது மேல்.

புது மீனோடு, இதுவரை எந்த நோயும் பார்க்காத மலிவான கோய் குஞ்சு ஐந்தாறை அதே தொட்டியில் விடுங்கள். பத்தாம் நாள் எல்லாவற்றையும் வலையில் பிடித்து, ஒரு நிமிடம் வைத்திருந்து, மறுபடி விடுங்கள். ஒளிந்திருக்கும் ஹெர்பீஸை வெளிக்கொணர இந்த அழுத்தம் உதவும். 30 நாள் முடிவில் குஞ்சுகளின் செவுளையும் சிறுநீரகத்தையும் பிசிஆருக்கு அனுப்புங்கள். பெரிய மீனை அறுக்க வேண்டியதில்லை. குஞ்சு ஒன்று அடியில் படுத்தாலே அந்தத் தொட்டியின் வலை, குழாய், வாளி எதுவும் மற்ற தொட்டிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு, அன்றே மாதிரி எடுத்துவிடுங்கள்.

கண்ணாடித்தொட்டி

தனித்தொட்டிக்குத் தண்ணீர் தெறிக்காத தூரம் வேண்டும். ஏர் ஸ்டோன் குமிழி வெடிக்கும்போது நுண்திவலை பறந்து பக்கத்துத் தொட்டியில் விழும். மூடி போடுங்கள், குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். தினமும் நல்ல தொட்டிகளை முதலில் முடித்துவிட்டு, கடைசியாகத் தனித்தொட்டிக்குப் போங்கள். அங்கிருந்து திரும்பி வந்து வேறு எதிலும் கை வைக்காதீர்கள். ஆள் வைத்திருப்பவர்கள் அந்தத் தொட்டிக்கென்று சிவப்பு வாளி, சிவப்புப் பிடி வலை வாங்கிக் கொடுத்துவிட்டால் சொல்லாமலே நடக்கும்.